ஓரம் கட்டினவள்

குளிர்மேட்டில் கோடை விழாவுக்குப் பந்தல் போட்டால் பின்னாலேயே மழையும் வந்துவிடும், மழை வந்தால் கோயம்புத்தூரிலிருந்து ஏறி வந்த கூட்டமெல்லாம் பூக்களை அம்போவென்று விட்டுவிட்டு நகராட்சி மண்டபத்துக்குள் ஓடி வரும், ஓடி வந்தவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டே நிமிர்ந்தால் சுவர் சுவராகத் தொங்கும் ஒட்டுப்போர்வைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிடுவார்கள், மழை விட்டது கூடத் தெரியாமல் நிற்பார்கள். தையல் கடைகளில் வெட்டித் தள்ளிய துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று சேர்த்து, அடியில் பஞ்சு வைத்து, அதற்கும் அடியில் இன்னொரு துணி வைத்து, மூன்றையும் ஊடுருவித் தையல் ஓட்டி அந்த ஊர்ப் பெண்கள் செய்த போர்வைகள் அவை. போர்வை என்று பெயரே தவிர யாரும் போர்த்திக்கொண்டது கிடையாது. பல்லெல்லாம் கிடுகிடுக்கிற மார்கழியில்கூட, அலமாரியில் இருப்பதில் ஒன்றை எடுத்துப் போர்த்தலாமே என்று எந்தப் புருஷனாவது வாய்தவறிக் கேட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு கிடைக்காது.

இந்தப் போர்வைக்காரிகளுக்கெல்லாம் தலைவி இந்திராமணி. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற சென்னியப்பனின் மனைவி. ஊரில் போர்வைக் கழகம் ஆரம்பித்த நாளிலிருந்து அவள்தான் தலைவி, வேறு யாரும் நிற்கவில்லை, நின்றிருந்தாலும் அவளே விட்டிருக்க மாட்டாள். வா, போ, எடு, வை என்று அவள் நாலு வார்த்தை சொன்னால் மண்டபத்தில் நாற்பது வேலை நடக்கும். அந்த வருஷம் அவள் செய்திருந்த போர்வைக்கு ‘மலைச்சரிவு’ என்று பெயர். இலைப் பச்சை, பாசிப் பச்சை, கிளிப் பச்சை, சாயம் போன பள்ளிச் சீருடைப் பச்சை என்று பச்சைத் துணிகளை வரிவரியாக வளைத்துத் தேயிலைச் சரிவு ஆக்கி, அதன்மேல் மல்மல் துணியைக் கிழித்துப் பனியாகப் படரவிட்டு, நடுவில் நகக்கண் அகலத்துக்கு ஒரே ஒரு சிவப்புத் துண்டு வைத்திருந்தாள். அது மலையேறும் பஸ். பார்த்தவர்களுக்கு அந்த பஸ் அடுத்த வளைவில் திரும்பப் போகிறது என்று தோன்றும்.

நடுவை எத்தனை அழகாகச் செய்தாலும் போர்வையின் நான்கு பக்கமும் பிசிறும் பஞ்சும் எட்டிப் பார்க்கத்தான் செய்யும். அதை உள்ளே தள்ளி மறைத்துப் பட்டி வைத்துத் தைப்பதற்கு ஓரம் கட்டுதல் என்று பெயர். இந்திராமணிக்கு ஓரம் கட்ட வராது. பொறுமை இல்லாதவள். அவளுக்கு எல்லா வருஷமும் ஓரம் கட்டியது சுலோச்சனா, மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர், கலகலவென்று சிரிப்பவள், தன்னை யாராவது புகழ்ந்தால் இன்னொரு தரம் சொல்லுங்க என்று கூச்சமில்லாமல் கேட்டு வாங்கிக்கொள்பவள். அந்த வருஷம் அவள் ‘மலைச்சரிவு’க்குக் கட்டிய ஓரம் ஓரமாகவே இல்லை. துணியைக் குறுக்காக வெட்டி எடுத்த கிராஸ் பட்டி, அது வளைவுகளில் ஒரு சுருக்கம் இல்லாமல் வழிந்து போனது. பட்டிக்கும் போர்வைக்கும் நடுவே சமோசா மடிப்பு, சுண்டுவிரல் நுனி அளவு முக்கோணங்கள், ஒன்றின் துணி போல் இன்னொன்றின் துணி இல்லை. மூலைகளில் மடிப்பு கத்தி வைத்தது போல் நின்றது. பட்டி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று விரலை வைத்துத் தேடினாலும் தெரியவில்லை. வந்தவர்கள் தொடக் கூடாது என்ற பலகைக்குப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதலில் ஓரத்தைப் பார்த்தார்கள், மேலே போய், கீழே வந்து, மூலையில் நின்று, ஓரத்தையே சுற்றி வந்தார்கள். பிறகு, வந்ததுக்குப் பார்த்துவிட்டுப் போவோம் என்பது போல, நடுவைப் பார்த்தார்கள்.

இந்திராமணி இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் நின்றாள். வயிறு எரிந்தது.

தொடக்க நாளன்று போர்வைப் போட்டிக்கு நடுவரம்மா வந்தார், மனையியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு போர்வையின் மூலையைப் புரட்டி, பின்பக்கத் தையலைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இந்த ஓரத்தை யாரும்மா கட்டினது?”

பக்கத்திலேயே கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றை நேராக்கிக்கொண்டிருந்த சுலோச்சனா, முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தாள். இன்னொரு தரம் சொல்லுங்க என்று கேட்க வாயைத் திறந்துகூட விட்டாள்.

“நாந்தானுங்க,” என்றாள் இந்திராமணி. “ஓரமெல்லாம் ஒரு வேலைங்களா? நானேதான் கட்டுனேன்.”

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று அவளுக்கே தெரியாது. வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப எடுக்க ஒரு நொடி இருந்தது, அந்த நொடியில் நடுவரம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். சுலோச்சனா திறந்த வாயை மூடினாள், கயிற்றைக் கீழே போட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டு மழையிலேயே போனாள். அவள் ஏன் போகிறாள் என்று மற்ற பெண்கள் கேட்டதற்கு, “அவ எப்பவுமே அப்படித்தான், புகழ்ந்துட்டே இருக்கோணும்,” என்றும் சொல்லி வைத்தாள் இந்திராமணி. பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியும் சுலோச்சனாவின் மடியில் அந்தப் பட்டி கிடந்ததைப் பார்த்தவள்தான். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் காவலாளி மண்டபத்தைத் திறந்தபோது ‘மலைச்சரிவு’ ஓரமில்லாமல் தொங்கியது. ஓரம் கீழே, பாய் சுருட்டியது போல் வட்டமாகச் சுருண்டு, ஒரு நூல் அறாமல், ஒரு சமோசா கசங்காமல் இருந்தது. யாரும் பிரிக்கவில்லை, பிரித்திருந்தால் தையல் அறுத்த தடம் இருக்கும். ஊக்கு குத்திப் பார்த்தார்கள், வழுக்கிக்கொண்டு இறங்கியது. பசை தடவிப் பார்த்தார்கள், பசை மட்டும் போர்வையில் நின்றது. இந்திராமணியே பிடிவாதமாக உட்கார்ந்து புதிதாக ஒரு பட்டி வெட்டித் தைத்தாள், அவசரத்தில் நேர்த் துணியாக வெட்டியதால் வளைவுகளில் கோணிப்பை வாய் மாதிரி சுருங்கியது, அதுவும் சாயங்காலத்துக்குள் தானாக இறங்கிப் போய் முதல் ஓரத்துக்குப் பக்கத்தில் சுருண்டுகொண்டது. ஓரம் இல்லாத போர்வை என்ன செய்யும், பிரிய ஆரம்பித்தது. விளிம்புப் பச்சைகள் நூல் நூலாக உதிர்ந்து தரையில் புல் முளைத்தது போல் கிடந்தன.

போர்வையோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று காலை சென்னியப்பன் கட்டியிருந்த வேட்டியின் கரை கழன்று வாசலில் கிடந்தது, எலி வேலை என்று அவர் எலிப்பொறி வாங்கப் போனார். இந்திராமணியின் சேலையில் முந்தானை பிசிறு விட்டது, துண்டு பிசிறு விட்டது, மிதியடி பிசிறு விட்டது, சுவரில் இருந்த காலண்டரின் தாளில் பிசிறு தொங்கியது. அதன்பிறகு துணி, தாள் என்ற பேதமும் போயிற்று. கல்லிலிருந்து எடுத்த தோசையைச் சுற்றி நூல் நூலாகத் தொங்கியது, சென்னியப்பன் அதை விரலில் சுற்றி அறுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டார். ருசி ஒன்றும் குறையவில்லை என்றார்.

ஊர் ஆச்சரியப்பட்டதா என்றால், இல்லை. குளிர்மேட்டில் மேகம் சமையலறைக்குள் வந்து உப்பை நனைத்துவிட்டு வந்த வழியே போகும், அதை யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இந்திராமணி கடைத்தெருவுக்கு வந்தால் நூல் உதிரும் என்று தெரிந்துபோனதும் கடைக்காரர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கத்தரி வைத்துக்கொண்டார்கள், அவள் வாங்கும் வாழைப்பழத்தின் நுனியை, கொத்தமல்லிக் கட்டின் விளிம்பை, பஸ் டிக்கெட்டின் நான்கு பக்கத்தை வெட்டிச் சீராக்கிவிட்டே கொடுத்தார்கள். டீக்கடை ஹனீபா பாய் அவளுடைய டம்ளரின் விளிம்பை ஒரு தரம் கத்தரித்துவிட்டுத்தான் நீட்டுவார். பூக்காரி பொன்னுத்தாய்க்கு அந்த நூல் பிடித்துப் போனது, நாரைவிட உறுதியாக இருக்கிறது என்று காலையில் இந்திராமணி வீட்டு வாசலைக் கூட்டி எடுத்துக்கொண்டு போய் அதில் மல்லிகை கட்டினாள், அந்த வாரம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் இந்திராமணியின் பிசிறைத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். தவிட்டுக்குருவிகள் மிச்சத்தைக் கொத்திக்கொண்டு போய்ப் பச்சைக் கூடுகள் கட்டின. கோயம்புத்தூர்க் கூட்டம் கூடுகளைப் படம் பிடித்தது.

இவ்வளவிலும் ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்திராமணி ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள், கோபித்துக்கொண்டாவது இருப்பாள். அவர்களோ கத்தரியை எடுப்பதற்கு முன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள், வெட்டியதைக் காலால் தள்ளி மறைத்தார்கள், “போயிட்டு வாங்க்கா” என்று வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார்கள். அந்த மரியாதை அவளைக் கொன்றது. எல்லாருக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் டீக்கடையைத் தாண்டும்போது உள்ளே ஹனீபா பாய் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: “ஓரம் கட்டுன பொண்ணையே ஓரங்கட்டிப்புட்டாங்களே.” கேலியாகக்கூடச் சொல்லவில்லை அவர், வருத்தமாகச் சொன்னார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் இந்திராமணி மழையில்லாத தெருவில் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு பிசிறு பேச்சிலும் ஏறியது.

“பால் வாங்குன…” என்றாள் புருஷனிடம். மிச்சம் உதிர்ந்துவிட்டது.

“யாரு வாங்குனது? நீயா, நானா?”

“வாங்குன…”

“அடுத்த வீட்டுக்காரங்களா?” சென்னியப்பன் காதைக் குடைந்துகொண்டார். பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று முழுசாகச் சொல்லாதவனை ஆயுசில் மன்னித்ததில்லை அவர். “வாங்குனேன்னு சொல்லு, வாங்குனீங்கன்னு சொல்லு, வாங்குனாங்கன்னு சொல்லு. பாதியில வுட்டா நான் என்னன்னு எடுத்துக்கறது, மணி?”

அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சமைத்த, கூட்டின, துவைத்த, எல்லாம் அந்தரத்தில் நின்றன. செய்தது யார் என்று காட்டுகிற கடைசி எழுத்து மட்டும் நாக்கு நுனியிலிருந்து நூலாகத் தொங்கி விழுந்தது. வா, போ, எடு, வை மட்டும் முழுசாக வந்தன, அவற்றுக்கு வால் இல்லையல்லவா. ஊரை ஏவுவதற்கு அவளுக்கு எந்தத் தடையும் இல்லை. தான் செய்ததைச் சொல்லத்தான் முடியவில்லை.

மண்டபத்தில் ‘மலைச்சரிவு’ நாளுக்கு நாள் சுருங்கியது. ஓரத்துத் தேயிலை போய், அடுத்த வரி போய், பனி போய், பிசிறு பஸ்ஸை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. பரிசளிப்பு நாளுக்குள் பஸ்ஸும் போய்விடும் என்று பார்த்தாலே தெரிந்தது. வருஷம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து கண் நோகச் சேர்த்தது, அவள் கையால் செய்ததிலேயே நல்லது அதுதான். அந்தச் சிவப்புத் துண்டாவது மிஞ்ச வேண்டும் என்று அவளுக்கு அழுகை வந்தது. அது போய்விட்டால் பொய்யைத் தவிர அந்த வருஷத்தில் தான் செய்தது என்று எதுவும் இருக்காது.

ஒரு மத்தியானம், சுலோச்சனா சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து, இந்திராமணி பின்வாசல் வழியாக அவள் சமையலறைக்குள் போனாள். சுலோச்சனா ரசத்தில் தாளித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள், திரும்பி ரசத்தைப் பார்த்துக்கொண்டாள்.

“சுலோ, மன்னிச்சுக்கோ.”

அது ஒரு பிசிறும் இல்லாமல் முழுசாக வந்தது. இந்திராமணிக்கே தூக்கிவாரிப் போட்டது. மன்னிச்சுக்கோ என்பதும் வா, போ போல ஏவல்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

“அதையும் அதிகாரமாத்தான் கேக்கறீங்க,” என்றாள் சுலோச்சனா. “நீங்க என்ன பண்ணுனீங்கன்னு ஒருக்கா சொல்லுங்க, கேக்கறேன்.”

“நான் பொய் சொன்ன…”

“ம்?”

“சொன்ன…”

உதிர்ந்த நூல் ரசத்தில் விழப் பார்த்தது. சுலோச்சனா தட்டை எடுத்து மூடினாள்.

“அக்கா, அன்னிக்கு நான் அங்கயேதான் நின்னேன். இன்னொரு தரம் சொல்லுங்கன்னு கேக்கலாம்னு வாயத் தொறந்தேன். தொறந்த வாயோட நின்னேன்க்கா, அத்தன பேரும் பாத்தாங்க.” அவள் அடுப்பை அணைத்தாள். “பொய்ய மண்டபத்துல சொல்லிப்போட்டு மன்னிப்ப மட்டும் பின்வாசல்ல வந்து கேக்கறீங்க. போங்க. எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு.”

இந்திராமணி பின்வாசல் வழியாகவே போனாள். படியிறங்கும்போது அவளுடைய நிழல்கூட விளிம்பில் பிசிறு விட்டிருந்ததைப் பார்த்தாள். வெட்கத்தில் அதன்மேலேயே காலை வைத்து நடந்தாள்.

பரிசளிப்பு நாளன்று மழை கொட்டியது, மண்டபம் நிரம்பி வழிந்தது. சுவரில் ‘மலைச்சரிவு’ இருந்த இடத்தில் கைக்குட்டை அளவுக்கு நாலைந்து பச்சை வரி, நடுவில் சிவப்பு பஸ், அவ்வளவுதான். தரையில் பச்சை நூல் மேடு தட்டியிருந்தது, மக்கள் அதை மிதிக்காமல் தாண்டிப் போனார்கள். நடுவரம்மா மைக்கைப் பிடித்து, தலைவி இரண்டு வார்த்தை பேசுவார் என்றார். அது ஒவ்வொரு வருஷமும் உள்ளதுதான். முன்வரிசைப் பெண்கள் கைப்பைக்குள் கையை விட்டுக் கத்தரியைத் தயாராகப் பிடித்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், மின்வாரியக் குடையோடு சுலோச்சனா நின்றிருந்தாள்.

இந்திராமணி மைக் முன்னால் நின்றாள். இத்தனை வருஷம் அந்த மேடையில் ஏறியபோது தெரியாத உயரம் அன்று தெரிந்தது.

“இந்தப் போர்வைக்கு ஓரம் கட்டுன…” என்றாள்.

கடைசி எழுத்து உதிர்ந்து மைக்கின் கழுத்தில் நூலாகத் தொங்கியது. மண்டபம் காத்திருந்தது. அவள் மறுபடி சொன்னாள். “ஓரம் கட்டுன…” மறுபடியும் உதிர்ந்தது. யாரோ இருமினார்கள். சென்னியப்பன் பொறுக்க முடியாமல் எழுந்து நின்று, “யாரு மணி? கட்டுனது யாரு?” என்று கேட்டுவிட்டார். மனுஷனுக்கு விஷயமே தெரியாது, பஸ் தாமதமானால் கேட்பது போலத்தான் கேட்டார்.

அப்போதுதான் அவளுக்கு அது காதில் பட்டது. கட்டுன என்பது அறுந்துபோன சொல் இல்லை. அடுத்து ஒரு பேர் வர வேண்டும் என்று வாயைத் திறந்துகொண்டு நிற்கிற சொல். இத்தனை நாளும் தன் நாக்கு அந்தப் பேருக்காகத்தான் நின்று நின்று பார்த்திருக்கிறது.

“கட்டுன சுலோச்சனா,” என்றாள்.

முழுசாக வந்தது. ஒரு பிசிறு இல்லை.

“ஓரம் கட்டுன சுலோச்சனா,” என்றாள் மறுபடியும், இப்போது சத்தமாக. “எல்லா வருஷமும் கட்டுன சுலோச்சனா. அங்க, கதவுகிட்ட நிக்கற சுலோச்சனா.” எல்லாத் தலையும் திரும்பின. அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் இனி ஆயுசுக்கும் முடியாது என்று தெரிந்தது. “பொய் சொன்ன நான். வயிறெரிஞ்ச நான். அவளப் பத்தித் தப்பாப் பேசுன நான்.” முகம் காதுவரை எரிந்தது, இறங்கி ஓட வேண்டும் போல் இருந்தது, ஆனால் அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் பார்க்கட்டும் என்று நின்றாள். கத்தரி பிடித்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கையைப் பைக்குள்ளிருந்து எடுத்தார்கள். அன்று தரையைப் பார்த்தவர்கள் இன்றும் தரையைத்தான் பார்த்தார்கள், அவர்களுக்கும் அதில் பங்கு இருந்தது.

கைதட்டல் எதுவும் இல்லை. சுலோச்சனா குடையை மடக்கி, கதவில் சாய்த்துவிட்டு நடந்து வந்தாள். சுவர் அருகே சுருண்டு கிடந்த தன் ஓரத்தைக் கையில் எடுத்தாள், மிஞ்சியிருந்த கைக்குட்டையைக் கொக்கியிலிருந்து கழற்றினாள், மேடைப் படியிலேயே உட்கார்ந்து கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த ஊசியை எடுத்தாள். வெட்டிச் சின்னதாக்குவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் வெட்டவில்லை. முழு ஓரத்தையும் அந்தச் சின்னத் துணியைச் சுற்றிச் சுற்றித் தைக்க ஆரம்பித்தாள், ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று, சமோசாக்கள் வளையம் வளையமாக விரிந்துகொண்டே போயின, போர்வை முழுக்க ஓரமாகவே ஆகி நடுவில் அந்த ஒரு பஸ் மட்டும் நின்றது. பரிசு அந்த வருஷம் வேறு யாருக்கோ போனது, யாருக்கு என்று யாருக்கும் நினைவில்லை. கூட்டமெல்லாம் படியைச் சுற்றிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது.

இந்திராமணி இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தாள். உட்காரலாமா என்று கேட்கவில்லை, கேட்டால் சுலோச்சனா இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று பயம். துணியின் மறுமுனையை எடுத்து, சுருங்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சுலோச்சனா பிடியை விடுவிக்கவும் இல்லை, அவள் பக்கம் பார்க்கவும் இல்லை.

மழைக்கு ஒதுங்கிய வெளியூர்ப் பெண்மணி ஒருத்தி, நடந்தது எதுவும் தெரியாதவள், குனிந்து இந்திராமணியைக் கேட்டாள்.

“ரொம்ப நல்லா இருக்கே! என்னங்க பண்றீங்க?”

“ஓரம் கட்டற…” என்றாள் இந்திராமணி.

உதிர்ந்தது. இந்த முறை அடுத்து எந்தப் பேரைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, நான் என்று சொல்ல இனி வாய் வராது, சுலோச்சனா என்று சொன்னால் தான் பிடித்திருக்கும் துணியையும் விட்டுவிட வேண்டியிருக்கும். தலையைக் குனிந்துகொண்டாள். வெளியூர்ப் பெண்மணி காத்திருந்தாள்.

சுலோச்சனா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். புது நூலை எடுத்து, நுனியை நனைத்து, ஊசிக் காதில் நிதானமாகக் கோத்தாள். முடிச்சுப் போட்டாள்.

“…றோம்,” என்றாள், நிமிராமலே. “துணிய நல்லா இழுத்துப் புடிங்க அக்கா.”